கானா

துள்ளலான தாளத்தில் எந்தக் குத்துப்பாட்டு வந்தாலும் தொலைக்காட்சியில் அதைக் ‘கானா’ என்றே அறிவிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தியிலும் உருதிலும் ‘கானா’ என்றால் பாட்டு, பாடுதல், அவ்வளவுதான்; எந்தப் பாட்டும் கானாதான். அதன் உறவான வடமொழிக் ‘கானம்’ நம்மிடம் முன்பே உண்டு; வேணுகானம், தேவகானம் என்று உயர்ந்த இடங்களில் புழங்கிய சொல் அது. ‘கானா’வோ வடசென்னைத் தெருக்களில் தங்கி, உழைக்கும் மக்களின், பெரும்பாலும் தலித் மக்களின், பாட்டுக்கு மட்டும் உரிய பெயராகச் சுருங்கியது. சுருங்கியதால்தான் அதற்குக் கனம் கூடியது. சாவு வீட்டில் இறந்தவரைப் பற்றி விடிய விடியக் கட்டிப் பாடும் ‘மரண கானா’வில் ஒரு தெருவே தன் ஆளை நினைத்துக்கொள்கிறது. கர்நாடக இசையில் அரியக்குடி, செம்மங்குடி என்று பாடகரின் பெயருக்கு முன்னால் ஊர் நிற்கும். கானா உலகநாதன், கானா பாலா என்னும்போது அந்த இடத்தில் பாட்டே நிற்கிறது! 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவை ராப்போடும் ராக்கோடும் சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. ‘கானா’வைத் ‘தெருப்பாட்டு’ என்று தமிழாக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தெரு எல்லா ஊரிலும் உண்டு. பாடுகிறவர்கள் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை. குத்துப்பாட்டுக்குக் குத்துப்பாட்டு என்ற பெயரே போதும்.