திரைப்படங்களில் துணை நடிகர்களான ராணுவ வீரர்கள்: வழக்கமும் வரம்பும்

கணினி வரைகலை பரவலாவதற்கு முன், திரையில் ஒரு பெரும்போரைக் காட்ட வேண்டுமானால் ஆயிரக்கணக்கான மனிதர்களைக் களத்தில் நிறுத்தியாக வேண்டும். ஒரே கட்டளைக்கு அணி பிறழாமல் நகரக்கூடிய அத்தனை பேரைத் தருவது ராணுவத்துக்கே எளிதாக இருந்தது. ஆகவே, கடந்த நூற்றாண்டின் புகழ்பெற்ற போர்ப் படங்கள் பலவற்றில் துணை நடிகர்களாகத் தோன்றியவர்கள் உண்மையான படைவீரர்களே. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் படையை வணிகத் திரைப்படத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வியும் இந்த வழக்கத்துடன் எழுந்தது.

ஸ்பெயின்: ரோமானியப் படையும் தகர்ந்த பாலமும்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'ஸ்பார்ட்டகஸ்' (1960) படத்தின் பெரும்பகுதி அமெரிக்காவில் எடுக்கப்பட்டாலும், அதன் பிரம்மாண்டமான போர்க் காட்சி ஸ்பெயினில் மாட்ரிட் நகருக்கு அருகே படமாக்கப்பட்டது. அதில் ஸ்பெயின் காலாட்படையைச் சேர்ந்த சுமார் 8,000 வீரர்கள் ரோமானியப் படையாக நடித்தனர்.

செர்ஜியோ லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தில் அந்நாட்டு வீரர்கள் நடித்ததோடு நிற்கவில்லை. பூர்கோஸ் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான கல்லறைகளைக் கொண்ட மயான அரங்கையும், ஆர்லன்சா ஆற்றின் மீது ஒரு பாலத்தையும் அவர்களே அமைத்தனர். வெடிவைத்துத் தகர்க்கும் காட்சிக்காகவே கட்டப்பட்ட அப்பாலம், சைகை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால், கேமராக்கள் இயங்குவதற்கு முன்பே தகர்க்கப்பட்டது. ராணுவம் அதை மீண்டும் கட்டித் தந்த பிறகே காட்சி எடுக்கப்பட்டது.

சோவியத் ஒன்றியம்: 'வாட்டர்லூ'

செர்கேய் பொந்தார்ச்சுக் இயக்கி 1970-ல் வெளியான 'வாட்டர்லூ' படத்துக்கு சோவியத் ராணுவம் குதிரைப்படையினர் உள்பட 15,000-க்கும் மேற்பட்ட வீரர்களை வழங்கியது. இன்றைய உக்ரைனில் உள்ள உஸ்கோரோட் நகருக்கு அருகே படப்பிடிப்பு நடைபெற்றது. பெல்ஜியத்தின் போர்க்களத்தைப் போலத் தோற்றமளிப்பதற்காகக் குன்றுகள் சமன்செய்யப்பட்டு, சாலைகள் அமைக்கப்பட்டு, மரங்கள் நடப்பட்டன. 1815-ஆம் ஆண்டின் அணிவகுப்பு முறைகள் வீரர்களுக்குப் பயிற்றுவிக்கப்பட்டன.

அக்காலத்தில் ஸ்பெயினிலும் சோவியத் ஒன்றியத்திலும் கட்டாய ராணுவ சேவை நடைமுறையில் இருந்தது. மேலிடத்து உத்தரவின்படி படப்பிடிப்புக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கு அதுவும் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

சர்ச்சையான நார்மண்டி

அமெரிக்காவில் இந்த வழக்கம் அரசியல் சர்ச்சையாக வெடித்தது. 1944-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டி கடற்கரையில் தரையிறங்கியதைச் சித்திரிக்கும் 'தி லாங்கஸ்ட் டே' (1962) படத்தைத் தயாரித்த டாரில் சானக், ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களின் உதவியைக் கோரினார். முதலில் 700 பேர் வழங்கப்படுவதாக இருந்தது.

அந்நேரத்தில் பெர்லின் நெருக்கடி முற்றியது. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுப்பப்பட்டது. அமெரிக்காவில் ரிசர்வ் படையினர் பணிக்கு அழைக்கப்பட்டனர்; வீரர்கள் பலரின் பணிக்காலமும் நீட்டிக்கப்பட்டது. அத்தகைய சூழலில் ஐரோப்பாவில் உள்ள வீரர்கள் சினிமாவில் நடிப்பதா என்று கண்டனம் எழுந்ததால், அவர்களின் எண்ணிக்கை 250 ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் பெர்லின் சுவர் அருகே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவுக்காக வீரர்களும் ராணுவ வாகனங்களும் நிறுத்தப்பட்ட விவகாரமும் சேர்ந்துகொண்டது.

இதையடுத்து, திரைப்படங்களுக்கு உதவி அளிப்பது தொடர்பான விதிகளை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1964-ல் கடுமையாக்கியது. படப்பிடிப்பால் படைகளின் ஆயத்த நிலை பாதிக்கப்படக் கூடாது, அரசுக்கு ஏற்படும் கூடுதல் செலவைத் தயாரிப்பாளரே ஏற்க வேண்டும் என்பவை அத்துறை பின்பற்றும் நெறிகள். பணி நேரத்தில் இல்லாத வீரர், தமது விருப்பத்தின் பேரில் துணை நடிகராக நடிக்கலாம். அந்த ஒப்பந்தம் அவருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இடையிலானது. திரைத்துறையில் வழக்கிலுள்ள ஊதியம் அவருக்கு வழங்கப்பட வேண்டும்.

படைகளின் ஆயத்த நிலை குறித்த கவலை வெறும் கற்பனையன்று. பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்துக்கு பிலிப்பின்ஸ் ராணுவம் ஹெலிகாப்டர்களையும் விமானிகளையும் வழங்கியது. உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களுக்கு எதிரான நடவடிக்கைகளுக்காக அவை படப்பிடிப்பின் நடுவே திரும்ப அழைக்கப்பட்டன.

அயர்லாந்தின் ரிசர்வ் படையினர்

அயர்லாந்தில் இந்த வாய்ப்பு பெரும்பாலும் பகுதிநேரமாகவும் விருப்பத்தின் பேரிலும் பணியாற்றும் ரிசர்வ் படையினருக்குக் கிடைத்தது. மெல் கிப்சனின் 'பிரேவ்ஹார்ட்' (1995) போர்க் காட்சிகளில் சுமார் 1,600 துணை நடிகர்கள் தோன்றினர். அவர்களில் பெரும்பாலோர் ரிசர்வ் படையினர். இடைக்கால ஸ்காட்லாந்து வீரர்களாக நடிப்பதற்காகத் தாடி வளர்க்க அவர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரையன்' (1998) படத்தின் நார்மண்டிக் காட்சிகள் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கடற்கரையில் எடுக்கப்பட்டபோதும், துணை நடிகர்களாக நடித்தவர்களில் அந்நாட்டு ரிசர்வ் படையினர் இருந்தனர்.

இன்று சில நூறு பேரைப் பல்லாயிரம் பேராகக் காட்டக் கணினி வரைகலை போதுமானது. ஆயினும் போர்க்கப்பல், போர் விமானம், ராணுவத் தளம் ஆகியவற்றுக்காகத் தயாரிப்பாளர்கள் இன்றும் படைகளையே நாடுகின்றனர். நடிப்பது வீரரின் விருப்பமா, மேலதிகாரியின் உத்தரவா, அதற்கான செலவு யாருடையது என்ற கேள்விகள் ஒவ்வொரு படப்பிடிப்பிலும் உடன் வருகின்றன.