பதவி துறந்தபின்

உயர்ந்த பதவியை அடைவது அரிது. அதனை விட்டு இறங்கியபின் பெருமை குன்றாமல் வாழ்வது அதனினும் அரிது. முதுமையும் உடன் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டுவதில்லை. இதற்கு எடுத்துக்காட்டாக, ஹாரி டிரூமன், பெஸ் டிரூமன் என்னும் தம்பதியின் பிற்கால வாழ்க்கையைக் காண்போம்.

1945 முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவராக விளங்கிய டிரூமன், 1953 ஜனவரி 20ஆம் நாள் பதவியினின்றும் நீங்கினார். அப்போது அவருக்கு வயது 68, மனைவியாருக்கு 67. இருவரும் இரயிலேறி, மிசௌரி மாநிலத்தில் இண்டிபெண்டன்ஸ் என்னும் தம் ஊருக்குத் திரும்பினர். பெஸ் அம்மையாரின் பாட்டனார் கட்டிய பழைய வீடே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பதவி நீங்கிய குடியரசுத் தலைவருக்கு அந்நாளில் ஓய்வூதியம் இல்லை, அலுவலகச் செலவுக்கு உதவி இல்லை, மெய்க்காவலரும் இல்லை. படையில் பணியாற்றியமைக்காக மாதந்தோறும் 112 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை மட்டுமே அரசிடமிருந்து வந்தது.

பெரிய நிறுவனங்கள் அவருக்குப் பதவிகள் தர முன்வந்தன. அவை விலைபேசுவது தம் திறமையை அன்று, தாம் வகித்த பதவியின் மதிப்பையே என்று கருதி, அவர் மறுத்துவிட்டார். இம்மானவுணர்ச்சி அவருக்குப் புதியதன்று. 1919இல் நண்பர் ஒருவருடன் கான்சாஸ் நகரில் அவர் தொடங்கிய துணிக்கடை 1922இல் நொடித்தது. அப்போதும் திவால் மனுக் கொடுக்க மனமின்றிப் பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்து வந்தார்.

1953ஆம் ஆண்டுக் கோடையில் முதிய தம்பதியர் இருவரும் தங்கள் காரிலேயே நியூயார்க் வரை சென்று திரும்பினர். காரை ஓட்டியவர் டிரூமன். வேகம் மிகாமல் பார்த்துக்கொண்டவர் பெஸ் அம்மையார். வழியில் எளிய விடுதியிலும் தங்கினர்.

தம் நினைவுக் குறிப்புகளை வெளியிடும் உரிமையை அவர் 6,00,000 டாலருக்கு விற்றார். அத்தொகையில் பெரும்பகுதி வரிக்கும் உதவியாளர் ஊதியத்துக்கும் போயிற்று என்பது அவர் கூற்று. தாயார் வழி வந்த நிலத்தையும் விற்க நேர்ந்தது. 1957இல் காங்கிரசுத் தலைவர்களுக்குத் தம் நிலையை எழுதினார். மறு ஆண்டு நிறைவேறிய சட்டம், முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் ஓய்வூதியம் வழங்கிற்று.

இக்கதை நெடுங்காலம் ஐயமின்றி நம்பப்பட்டது. ஆனால் 2021இல் சட்டப் பேராசிரியர் பால் காம்போஸ், டிரூமன் குடும்பத்தின் கணக்குத் தாள்களை ஆராய்ந்து, பதவி நீங்கியபோதே அவர் பெருஞ்செல்வராய் இருந்தார் என்று வாதிட்டார். அவ்வாறாயின், ஒரு சட்டத்துக்கு வழிகோலிய வறுமைக் கதையே மிகையாகிவிடும். மாணவர்கள் இங்கே ஒன்றை உணர்தல் வேண்டும். ஒருவர் தம்மைப் பற்றிக் கூறும் சொல்லும் சான்றே. எனினும் அதனைக் கணக்கேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வரலாறு தீர்ப்புக் கூறும். கடைக்கடனை அடைத்த நேர்மையும் மெய். பின்னாளில் எழுந்த ஐயமும் மெய். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது முறையன்று.

1965 ஜூலை 30ஆம் நாள், முதியோர் மருத்துவக் காப்புச் சட்டத்தில் கையெழுத்திட, குடியரசுத் தலைவர் ஜான்சன் இண்டிபெண்டன்ஸ் நகருக்கே வந்தார். இருபதாண்டுகளுக்கு முன்பே அனைவருக்கும் மருத்துவக் காப்பு வேண்டுமென்று கோரியவர் டிரூமன். முதல் அட்டை அவருக்கும், இரண்டாம் அட்டை பெஸ் அம்மையாருக்கும் அளிக்கப்பட்டன. 65 வயது கடந்த எளிய குடிமகனுக்கும் அதே அட்டைதான். ஒருவரது பழம்பெருமைக்காக இரங்கித் தரும் உதவியைப் பெறக் கை கூசும். முதியோர் அனைவருக்கும் உரிமையாக வருவதைப் பெறுவதில் எவர் மானமும் குறைவதில்லை.