ஒரு குறுஞ்செய்தி வந்த வழி

1992 டிசம்பர் 3. இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் எஸ்எம்எஸ் அது. வாழ்த்துச் சொல்லப் பிறந்ததை 17 ஆண்டு கழித்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் வேறு வேலைக்கு வைத்தார்கள்: சர்க்கரை நோய் வராமல் தடுக்க.

8,741 ஆண்களைச் சலித்து 537 பேரை எடுத்தார்கள். வயது 35 முதல் 55. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தபோது, சர்க்கரை 140-ஐத் தொட்டிருந்தது, 200-க்குப் போகவில்லை. நோய் வாசற்படி வரை வந்து நிற்கும் நிலை.

யார் எந்தப் பக்கம் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. சாப்பாடு, நடை பற்றிய அறிவுரை எல்லோருக்கும் ஒருமுறை கிடைத்தது. 271 பேருக்கு மட்டும் அதை நினைவூட்டும் செய்திகள் அடிக்கடி போயின. மீதி 266 பேருக்கு எதுவும் போகவில்லை. அந்த 266 பேரை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் இல்லையென்றால், மெசேஜ் போனது, சர்க்கரை வரவில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்காது. களப் பணியாளர்களுக்கும் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது.

இரண்டு ஆண்டில் செய்தி போகாதவர்களில் 73 பேருக்கு நோய் வந்துவிட்டது. போனவர்களில் 50 பேருக்கு. 27 சதவீதம் எங்கே, 18 சதவீதம் எங்கே! இந்த ஆய்வு 2013-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியானது.

அப்படி நினைவூட்டும் செய்தி, பனியன் கம்பெனிகள் இருக்கும் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைக்கும் வர வேண்டும். தமிழில் வந்தால் முதலில் இடம் சுருங்கும். ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. அதிலும் ‘நடக்கவும்’ என்பதில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து; புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும் கைபேசிக்கு ஒன்பது.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. 537 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையிலும் தையல் மெஷினிலும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அக்காமார்களுக்கு அந்த 18 சதவீதம் பொருந்துமா? அவர்களிடமே சோதித்தால்தான் தெரியும். மெஷின் ஓடும்போது போன் டிபன் பைக்குள் கிடக்கும். டீ வரும்போதுதான் கை உள்ளே போகும். கூடவே வடைத் தட்டும் வந்துவிடும். அங்கே ஓர் ஆய்வு தொடங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கம்பெனியில் டீ எத்தனை மணிக்கு என்பதுதான்.