அரிசி கடந்த கணவாய்கள்

சேரன்மகாதேவியின் பெயரிலேயே சேரன் இருக்கிறான். ஊருக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் பழைய சேரநாடு. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் வேணாட்டு அரசர்களின் கை தாமிரபரணிக் கரைவரை நீண்டிருந்தது. 1532இல் விஜயநகரப் படை அவர்களை இக்கரையில் வென்றது. அதன்பின் ஆட்சிகள் பலமுறை கைமாறின. வணிகம் மட்டும் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. இங்கிருந்து நெல்லும் துணியும் மேற்கே போயின. அங்கிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் கிழக்கே வந்தன. தெற்கே ஆரல்வாய்மொழி, வடக்கே செங்கோட்டையை அடுத்த ஆரியங்காவு ஆகிய இரு கணவாய்களே அதற்கு வாசல்கள்.

வாசல் இருந்தால் அங்கே சாவடியும் இருக்கும். திருவிதாங்கூர் தனி அரசாக இருந்தவரை, நெல்லைச் சீமையின் சரக்கு அதற்கு அயல்நாட்டுச் சரக்கே. சென்னை மாகாணத்தின் உள்நாட்டுச் சுங்கங்கள் 1844இல் ஒழிக்கப்பட்ட பிறகும் இந்த எல்லைச் சுங்கம் நீடித்தது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. திவான் மாதவராவின் காலத்தில் நிகழ்ந்த அந்த ஏற்பாட்டினால் பெரும்பாலான பொருள்கள் தடையின்றி எல்லை கடந்தன. புகையிலையும் உப்பும் விலக்காக நின்றன. எனினும் இன்றைய மொழியில் அதை ஒரு வணிகக் கூட்டமைப்பு எனலாம். 1904இல் திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, செங்கோட்டை வழியாகக் கொல்லம்வரை ரயில் ஓடத் தொடங்கியபோது கணவாய் இன்னும் அகலமாயிற்று.

நாம் இங்கே பேச விழைவது, இவ்வாறு திறந்த வாசல் சுதந்திர இந்தியாவில் மீண்டும் அடைபட்ட கதையை.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. மொழியின் கணக்கில் அது நியாயம். சோற்றின் கணக்கு வேறு. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில்நாடு எல்லைக்கு இப்பால் வந்துவிட்டது. தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழப் பாதியையே விளைவித்த கேரளம் மேலும் வெளியாரைச் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று.

அந்த இடி உடனே உறைக்காததற்குக் காரணம் உண்டு. 1957இல் மத்திய அரசு ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கையும் சேர்த்துத் தென் மண்டலம் என்னும் உணவு மண்டலத்தை அமைத்தது. மண்டலத்துக்குள் அரிசி தடையின்றிச் செல்லலாம், வெளியே செல்லலாகாது. மிகுதி உள்ள மாநிலமும் பற்றாக்குறை மாநிலமும் ஒரே பந்தியில் அமர்ந்த ஏற்பாடு அது. ஆந்திர அரிசி சென்னைக்கு வந்தது; இங்குள்ள அரிசி கேரளத்துக்குப் போயிற்று. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் சேரன்மகாதேவி வயல்கள் கார், பிசானம் என இருபோகம் விளைந்தன. அந்த நெல்லுக்கு மலைக்கு அப்பால் எப்போதும் பசியுள்ள சந்தை காத்திருந்தது.

ஆனால் ஒரே பந்தியில் பரிமாறும்போது விலையும் சமமாக உயரும். விளைவித்தவருக்கு நல்ல விலை கிடைத்தது. விளையும் மாநிலத்தின் நகரங்களில் வாங்கி உண்பவருக்கோ விலை ஏறிற்று. வாங்கி உண்பவரின் முணுமுணுப்பு அமைச்சர்களின் காதுக்கு விரைவில் எட்டும். 1964இல் தட்டுப்பாடு முற்றியதும் தென் மண்டலம் கலைந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலமாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் கேரளம் விரிவான ரேஷன் முறைக்குள் சென்றது.

அரசிதழில் இது சில வரிகள். கணவாயில் இதன் பொருள் வேறு. நேற்றுவரை வணிகராக இருந்தவர் இன்று அனுமதிச் சீட்டுக்கு மனுச் செய்பவரானார். நிலம் இங்கும் குடும்பம் திருவனந்தபுரத்திலுமாக இருந்தவர், தம் வயலில் விளைந்த நெல்லைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. புளியரையிலும் களியக்காவிளையிலும் வண்டிகள் நின்றன. மகளைப் பார்க்கப் போகும் தாயின் பையில் இருக்கும் அரிசி சீரா, சரக்கா என்பதை இனிச் சாவடிக் காவலர் தீர்மானிப்பார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். கடத்தல் என்பதற்கு நேர்ப்பொருள் கடக்கச் செய்தல் என்பதே. அதில் குற்றத்தின் வாடை இல்லை. அரிசி கடத்தல் என்று நாம் சொல்லும்போது மட்டும் அது திருட்டாகிவிடுகிறது. செய்யப்படும் செயல் ஒன்றே. 1963இல் செங்கோட்டை ரயிலில் ஒரு மூட்டை அரிசியுடன் ஏறியவர் வியாபாரி. 1965இல் அதே மூட்டையுடன் அதே பெட்டியில் ஏறியவர் குற்றவாளி.

இந்தக் குற்றத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. பெருவணிகருக்கு உரிமம் பெறும் வழி தெரியும். தாமதத்தைத் தாங்கும் முதலும் உண்டு. இரண்டு படி அரிசியை முந்தானையில் முடிந்து சென்ற பெண்ணுக்கு அந்த இரண்டு படியே முதல். அது பறிபோனால் அன்றைய உழைப்பும் மறுநாளைய முதலும் ஒருங்கே போயின. அரசு அரிசியை அனுப்பாமலில்லை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டு, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. ஊர்ச் சந்தைகள் தாமே செய்துவந்த வேலையை இனிக் கோப்புகள் செய்தன. கதவை அடைத்தும் சென்னை மாநிலத்தின் தட்டுப்பாடு தீர்ந்துவிடவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதி எத்தகைய வலிமை பெற்றது என்பதை நாம் அறிவோம். உணவு மண்டலங்கள் 1977இல்தான் நீங்கின.

இதெல்லாம் பழங்கதை எனத் தோன்றலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக அமைப்பை விட்டு முழுமையாக வெளியேறிய 2021 ஜனவரியில், நெதர்லாந்துத் துறைமுகம் ஒன்றில் பிரிட்டனிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்களின் மதிய உணவை அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். இறைச்சி வைத்த ரொட்டி புதிய விதிப்படி தடைசெய்யப்பட்ட பொருள். இறையாண்மை குறித்து ஆண்டுக்கணக்கில் நடந்த பெருவிவாதம் இறுதியில் ஓர் ஓட்டுநரின் உணவுப் பொட்டலத்தில் வந்து முடிந்தது. புளியரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

சரக்கு, சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. எனினும் ரேஷன் அரிசி கேரளத்துக்குச் செல்கையில் பிடிபட்டதாகச் செய்திகள் இன்றும் வருகின்றன. இன்று போவது மானிய அரிசி. ஏழையின் பங்கைத் திருடும் செயலை 1964இன் நிலைமையோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் முறையாகாது. அன்று கடந்தது உழவர் தம் வயலில் விளைவித்த அரிசி.

கூட்டமைப்பை விட்டு விலகுவதற்குத் தக்க காரணங்கள் இருக்கலாம். சென்னை அரசுக்கும் இருந்தன. தன் மக்களின் உலையை முதலில் பார்ப்பது ஓர் அரசின் கடமையே. ஆயினும் விலகலின் இலாப நட்டத்தைத் தலைநகரங்களில் மொத்தமாகக் கணக்கிடுகின்றனர். செலவை மட்டும் எல்லையோரத்து மக்கள் படிபடியாகக் கட்டித் தீர்க்கின்றனர். அந்தச் சிறு கணக்கை எந்த அரசும் எழுதி வைக்கவில்லை. சேரன்மகாதேவியைக் கடந்து கொல்லத்துக்குச் செல்லும் ரயில்பாதை, அகலப்பாதையாக்கும் பணிக்காக ஆண்டுகள் பல மூடிக்கிடந்து, 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் வாசலைத் திறப்பதும் அடைப்பதும் எக்காலத்தும் மனிதர் செய்ததே.