உழைத்தவர் வரலாற்றைத் தேடியவர்கள்



பிழைப்பைத் தேடிக் கப்பலேறிப் போன மக்களின் வரலாற்றை யார் எழுதி வைக்கிறார்கள்? வேலை கொடுத்த கம்பெனி கணக்கு எழுதி வைக்கும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஓடிப் போனார்கள், கூலி எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். அரசாங்கம் தலைகளை எண்ணி வைக்கும். பத்திரிகைக்காரர்கள் கலகம் நடந்தால் எழுதுவார்கள். ஆனால், வந்தவர்கள் ஏன் வந்தார்கள், எதை இழந்தார்கள், எதைக் கட்டி எழுப்பினார்கள் என்பது மட்டும் இந்த ஏடுகளில் அகப்படாது. அகப்படாத அந்த வரலாற்றைத் தேடி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட சிலரைப் பற்றி இன்று காண்போம்.

அவர்கள் அமெரிக்காவில், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவேர்ட்டோ ரிக்க ஆய்வு மையத்தில் பணியாற்றியவர்கள். மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்கா, கரிபியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் அங்கே லத்தீனோ மக்கள் என்று சொல்வார்கள். அவர்களைப் பற்றி ஆராயும் நிலையங்கள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று இந்த மையம்.

முதலில் புவேர்ட்டோ ரிக்கோவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். அது கரிபியக் கடலில் உள்ள ஒரு தீவு. நானூறு ஆண்டுகளுக்கு ஸ்பெயின் அதை ஆண்டது. 1898ஆம் ஆண்டுப் போரில் தோற்ற ஸ்பெயின், தீவை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. மறு ஆண்டே, 1899 ஆகஸ்டு 8ஆம் நாள், பெரும் சூறாவளி ஒன்று தீவைத் தாக்கியது. மலைச்சரிவுகளில் இருந்த காப்பித் தோட்டங்கள் பாழாயின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, பசிபிக் மாக்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் பிடிக்க வந்தார்கள். 1900 நவம்பரில் முதல் கூட்டம் கப்பலேறியது. கப்பலில் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகம், அங்கிருந்து ரயிலில் அமெரிக்கக் கண்டத்தின் மறுகரையாகிய கலிபோர்னியா, பிறகு மறுபடியும் கப்பலில் ஹவாய். இப்படி அந்தப் பயணம் ஒரு மாதம் பிடித்தது. வழியில் பட்ட பாட்டைத் தாங்க முடியாமல் கலிபோர்னியாவிலேயே தப்பிப் போனவர்கள் உண்டு. 1901ஆம் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

மற்றொரு கூட்டம் நியூயார்க்கை நாடியது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்கள் ஆனார்கள். ஆகவே, நியூயார்க் செல்ல அவர்களுக்குக் குடிநுழைவு அனுமதி தேவைப்படவில்லை. முதலில் போனவர்களில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளர் பலர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருந்திரளாகச் சென்றவர்கள் தையல் ஆலைகளிலும் உணவுக் கடைகளிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூயார்க் நகரில் மட்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட புவேர்ட்டோ ரிக்கர்கள் இருந்தனர்.

இத்தனை இலட்சம் பேர் வாழ்ந்த நகரில், அவர்களைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் என்ன கூறின? 1966ஆம் ஆண்டில் ஓஸ்கார் லூயிஸ் என்னும் மானிடவியல் அறிஞர், ஒரு புவேர்ட்டோ ரிக்கக் குடும்பத்தைப் பற்றி ‘லா விடா’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அது பரிசும் புகழும் பெற்றது. ஏழைகளுக்கென்று ஒரு வறுமைப் பண்பாடு உண்டு, அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பழக்கமாக இறங்குகிறது என்பது அவர் கருத்து. புவேர்ட்டோ ரிக்க இளைஞர் பலருக்கு இது சுருக்கென்று தைத்தது. எங்கள் தாய் தந்தையர் காலையிலிருந்து இரவு வரை உழைத்தார்கள், அப்படியும் ஏழைகளாக இருந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் அவர்களுடைய பழக்கமா, அவர்கள் வாங்கிய கூலியா என்று அவர்கள் கேட்டார்கள்.

கேள்வி கேட்டால் மட்டும் போதாது. விடை காணப் பல்கலைக்கழகத்துக்குள் இடம் வேண்டும். நகரப் பல்கலைக்கழகமோ அந்நாளில் பெரும்பாலும் வெள்ளையர் பிள்ளைகளே படித்த இடம். 1969 ஏப்ரலில், அதன் அங்கமான சிட்டி கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் புவேர்ட்டோ ரிக்க மாணவர்களும் வாயிற்கதவுகளை அடைத்துப் போராட்டம் நடத்தினார்கள். தங்கள் இனத்துப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், தங்கள் மக்களின் வரலாறு பாடமாக வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகளுள் முக்கியமானவை. 1970ஆம் ஆண்டில் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறிய அனைவருக்கும் பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. 1973இல் ஆய்வு மையம் தோன்றியது.

அதன் முதல் இயக்குநர் ஃபிராங்க் பொனில்லா. 1925இல் நியூயார்க்கில், தீவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பணிபுரிந்தவர். போருக்குப் பின் படித்து, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், அந்தப் பதவியை விட்டு இந்தப் புதிய மையத்துக்கு வந்து, 1993 வரை அதை நடத்தினார். 2010இல் காலமானார்.

மையத்தில் இருந்தவர்கள் தனித்தனி அறையில் தனித்தனி நூல் எழுதும் அறிஞர்களாக இருக்க விரும்பவில்லை. வரலாற்றுக்கு ஒரு குழு, மொழிக்கு ஒரு குழு, பண்பாட்டுக்கு ஒரு குழு என்று சேர்ந்து உழைத்தார்கள். வரலாற்றுக் குழு 1979இல் வெளியிட்ட நூலின் அட்டையில் ஆசிரியர் பெயராக இருந்தது அந்தக் குழுவின் பெயரே. புவேர்ட்டோ ரிக்கத் தொழிலாளர் ஏன் இடம் பெயர்ந்தனர் என்பதே அந்நூலின் பொருள். காப்பி நிலம் எப்படிக் கைமாறியது, கரும்புக் கம்பெனிகள் எப்படி வளர்ந்தன, அறுவடை இல்லாத மாதங்களில் கரும்பு வெட்டுபவன் என்ன செய்தான், நகரத்து ஆலைகளுக்கு ஏன் ஆட்கள் தேவைப்பட்டனர் என்று படிப்படியாக ஆராய்ந்தார்கள். வறுமைக்குக் காரணத்தைக் குடும்பத்தின் பழக்கத்தில் தேடாமல் நிலத்திலும் முதலீட்டிலும் கூலியிலும் தேடினார்கள்.

நேயர்களே, இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தொழிலாளியின் வரலாற்றை எழுதத் தொழிலாளி எழுதிய ஏடு வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

சுருட்டுத் தொழிலாளரிடம் அதற்கு ஒரு வழி கிடைத்தது. அந்நாளில் சுருட்டு ஆலைகளில் வாசிப்பவர் என்று ஒருவர் இருப்பார். தொழிலாளர் புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் உயரமான மேடையில் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் அரசியல் நூல்களையும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கொடுத்தார்கள். பள்ளிப் படிப்பு இல்லாதவர்களும் இப்படிக் காதால் கேட்டே அறிவு பெற்றார்கள். வானொலி கேட்டுக்கொண்டே வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

அந்தச் சுருட்டுத் தொழிலாளரில் ஒருவர் பெர்னார்டோ வேகா. 1916இல் நியூயார்க்குக்குக் கப்பலேறியவர். தம் வாழ்க்கையை எழுதி வைத்தார். அவர் இறந்த பின்னர் 1977இல் அது ஸ்பானிய மொழியில் நூலாயிற்று. மையத்தில் பணியாற்றிய ஹுவான் ஃபுளோரெஸ் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1984இல் வெளியிட்டார். கப்பல் நியூயார்க்கை நெருங்கும்போது, கைக்கடிகாரம் கட்டுவது ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்று உடன் வந்தவர்கள் சொல்லக் கேட்டு, வேகா தம் கடிகாரத்தைக் கழற்றிக் கடலில் எறிந்துவிட்டாராம். இப்படிப்பட்ட செய்தியை எந்தக் கம்பெனிக் கணக்கில் பார்க்க முடியும்?

மற்றொருவர் ஹெசூஸ் கொலோன். தீவில் அவர் வீடு ஒரு சுருட்டு ஆலைக்கு அருகில் இருந்தது. வாசிப்பவரின் குரலைச் சன்னல் வழியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். பதின்ம வயதில் கப்பலில் ஒளிந்து நியூயார்க் வந்து, கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். சங்கங்களை நடத்தினார், பத்திரிகைகளில் எழுதினார். அத்துடன் கடிதங்களையும் நிழற்படங்களையும் கூட்ட அறிவிப்புகளையும் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்தார். அவர் 1974இல் மறைந்தார். அவர் சேர்த்த காகிதங்கள் மையத்தின் சுவடிச்சாலைக்கு வந்து சேர்ந்தன. அங்கே பணியாற்றுபவர்கள் அவற்றை ஆண்டு வாரியாகவும் பொருள் வாரியாகவும் பிரித்து, பெட்டிகளில் அடுக்கி, பட்டியல் எழுதி, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி செய்தார்கள். பேராசிரியர் பெயர் நூலின் அட்டையில் வரும். பட்டியல் எழுதியவர் பெயர் பலருக்குத் தெரியாது. ஆனால், பட்டியல் இல்லாவிட்டால் பேராசிரியருக்கு நூலும் இல்லை.

எழுதி வைக்காதவர்களின் வரலாறு என்ன ஆவது? 1980களில் மையத்தின் வாய்மொழி வரலாற்றுக் குழுவினர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு தையல் ஆலைகளில் உழைத்த பெண்களிடம் சென்றார்கள். அக்குழுவில் இருந்த பெண்களில் தையல் தொழிலாளரின் புதல்வியரும் இருந்தனர். எந்த வயதில் ஊசி பிடித்தீர்கள், துண்டுக் கணக்கில் எவ்வளவு கொடுத்தார்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் குரல்களைக் கொண்டு 1985இல் ஒரு வானொலி நிகழ்ச்சியும் தயாரித்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தையல் வேலை செய்கிறோம் நாங்கள்’ என்று வரும்.

ஹவாய்க்குப் போனவர்களையும் அவர்கள் மறக்கவில்லை. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் ஆகியோரோடு கலந்து வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கர்களின் வழித்தோன்றல்களைத் தேடிக் கண்டு, அவர்களின் கதையையும் 1980களில் வெளியிட்டார்கள். மூன்று தலைமுறை கழிந்து பேச்சு ஆங்கிலமாக மாறிய குடும்பங்களிலும் தீவின் இசை மறையாமல் இருந்தது.

நினைவில் நிற்பதெல்லாம் சரியாகத்தான் இருக்குமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண்டு மாறலாம், பெயர் மறக்கலாம். ஆகவேதான், ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடும் ஏட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. ஆனால் ஏடும் தவறும். கணக்கு எழுதியவன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எழுதியிருப்பான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவனுக்கே உண்மை தெரியவரும்.

மொழிக் குழுவின் வேலையையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கப் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் ஸ்பானியத்தையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவார்கள். இரண்டு மொழியும் ஒழுங்காகத் தெரியாததால் வரும் குறை இது என்று பலரும் நினைத்தார்கள். மையத்தினர் 1970களில் கிழக்கு ஹார்லெம் பகுதியில் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ளவர்களின் அன்றாடப் பேச்சைப் பல காலம் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டு ஷானா பாப்லாக் என்னும் மொழியியல் அறிஞர் எழுதிய கட்டுரை 1980இல் வந்தது. இரண்டு மொழிகளின் இலக்கணமும் இடங்கொடுக்கும் இடத்தில்தான் பேச்சு மொழி மாறுகிறது என்றும், வாக்கியத்தின் நடுவில் தடையின்றி மாறிப் பேசியவர்கள் இரண்டு மொழியிலும் தேர்ந்தவர்கள் என்றும் அவர் காட்டினார். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழிகளும் பேசும் பிள்ளைகளைத் தினந்தோறும் காணும் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு இந்த ஆய்வில் தனி ஈடுபாடு உண்டு.

ஆய்வு செய்த தெருவுக்கு அவர்கள் ஒன்றைத் திருப்பியும் கொடுத்தார்கள். 1985இல் கிழக்கு ஹார்லெமில் பெரியவர்களுக்கு ஸ்பானிய மொழியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எழுத்தைக் கற்றதும் அவர்கள் எழுதியது தங்கள் சொந்த வாழ்க்கைக் கதையை.

கடைசியாக, சுவடிச்சாலையில் உள்ள ஒரு பெருந்தொகுதியைப் பற்றிச் சொல்வோம். 1947ஆம் ஆண்டு முதல், தீவின் அரசாங்கம் பண்ணைத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தின் பேரில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்கு அனுப்பியது. நியூ ஜெர்சியில் காய்கறி பறிக்கவும் கனெக்டிகட்டில் புகையிலை எடுக்கவும் அவர்கள் போனார்கள். கூலி, தங்குமிடம், பயணச் செலவு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எழுதியபடி நடக்கவில்லை என்று தொழிலாளர் கொடுத்த புகார்களும் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் ஓர் ஆண்டில் 20,000 பேருக்கு மேல் இப்படிச் சென்றதுண்டு. 1990களில் அந்த அரசாங்க அலுவலகம் மூடப்பட்டது. அதன் கோப்புகள் குப்பைக்குப் போகாமல் மையத்துக்கு வந்தன. ஒப்பந்தங்கள், புகார்கள், தொழிலாளர்களின் அடையாள அட்டைகள் எல்லாம் இன்று அங்கே பாதுகாப்பாக உள்ளன. 1898இலிருந்து எண்ணிக்கையாக மட்டும் பார்க்கப்பட்டவர்கள், அந்த அட்டைகளில் பெயரோடு இருக்கிறார்கள்.

2011இல் சுவடிச்சாலை கிழக்கு ஹார்லெமுக்கே இடம் மாறியது. முன்பு ஒலிப்பதிவுக் கருவியோடு தெருத் தெருவாகச் சென்ற அதே வட்டாரத்தில் இப்போது பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. மையத்துக்கு 2023இல் 50 வயது நிறைந்தது.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் பழைய காகிதங்கள் இருக்கலாம். சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, கப்பல் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் என்று எதுவாகவும் இருக்கட்டும். வீடு மாறும்போது அவற்றை எரித்துவிடாதீர்கள். பிள்ளைகளே, தாத்தாவும் பாட்டியும் எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள் என்று கேட்டு, பள்ளி நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.