தாய்வீடும் வெண்திரையும்: குறும்பட வரலாறு பற்றி ஏறாவூரிலிருந்து ஒரு நோக்கு

திரைப்படக் கலை குறும்படமாகவே பிறந்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் திகதி, பாரிசு நகரின் கிராண்ட் கபே என்னும் காப்பிச்சாலையின் கீழ்த்தள அறையில் லூமியே சகோதரர் கட்டணம் பெற்றுக் காட்டிய பத்துப் படங்களுள் எதுவும் ஒரு நிமிடம் என்னும் அளவை ஒட்டியே அமைந்தது. அவற்றுள் இரண்டு படங்கள் நம் கவனத்துக்குரியன. ஒன்று, லியோன் நகரில் லூமியே குடும்பத்தாருக்குச் சொந்தமாயிருந்த ஒளிப்படத் தகட்டுத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர் வெளியேறும் காட்சி. மற்றையது, ஒகுஸ்த் லூமியேயும் அவர் மனைவியும் தம் குழந்தைக்கு உணவூட்டும் காட்சி. ஒரு படத்தில் உழைப்பு, மற்றொன்றில் குடும்பம். அக்குழந்தையின் உணவு அத்தொழிற்சாலையின் வருவாயிலிருந்தே வந்தது. எனினும், இரண்டும் தம்முள் தொடர்பற்ற இரு காட்சிகளாகவே திரையில் ஓடி மறைந்தன.

குறும்படத்தின் பிற்கால வரலாற்றை, இவ்வாறு பிரிந்து நின்ற வீட்டையும் வெளியுலகையும் ஒரே சட்டகத்துள் கொணர முயன்ற வரலாறாக நோக்க இடமுண்டு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அது மட்டக்களப்பு வாவியின் கரையிலுள்ள ஏறாவூர் போன்றதோர் ஊருக்கு எதனை உணர்த்துகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடும்பப் பிணைப்பும் சமூக முரணும் வேறுவேறு பொருள்களாகக் கருதப்படுவது வழக்கம். முரண் வீட்டுக்கு வெளியே நிகழ்வது. பிணைப்பு வீட்டுக்குள் நிலைப்பது என்பது பொதுவான எண்ணம். சிறந்த குறும்படங்கள் இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை. கிழக்கிலங்கையின் சமூக வரலாறும் இதனை ஏற்பதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

வீட்டையும் சந்தையையும் இணைத்துக் காட்டிய முன்னோடிப் படங்களுள் ஒன்று, அமெரிக்கரான கிரிபித் 1909இல் நெறிப்படுத்திய கோதுமை வணிகம் பற்றிய படமாகும். ஏறத்தாழ 14 நிமிடமே ஓடும் அப்படத்தில், விதைக்கும் உழவனும் அவன் குடும்பமும் ஒருபுறம். கோதுமை முழுவதையும் வாங்கிப் பதுக்கும் முதலாளியின் விருந்து மறுபுறம். விலை இருமடங்கானதால் வெறுங்கையோடு திரும்பும் ஏழைகள் பிறிதொருபுறம். இவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதேயில்லை. காட்சிகளை அடுத்தடுத்து வைத்த முறையினாலேயே, ஒருவரின் விருந்து மற்றொருவரின் பசியாகும் உண்மை புலப்படுத்தப்பட்டது.

அடுத்த பத்தாண்டில் நெடும்படம் வணிகத் திரையைக் கைப்பற்றியது. சந்தையில் இடமிழந்த குறும்படம் அரசாங்கத்தையும் நிறுவனங்களையும் புரவலராக நாடிற்று. இதனால் ஏற்பட்ட நன்மையும் தீமையும் ஒருசேர நோக்கத்தக்கன. 1935இல் பிரித்தானியாவில் வெளிவந்த ‘வீடமைப்புப் பிரச்சினைகள்’ என்னும் விவரணப்படத்தில், இலண்டனின் சேரிவாழ் மக்கள் தம் இல்லங்களுக்குள் நின்று, தம் சொந்த மொழியிலேயே எலித்தொல்லையையும் இடிந்த சுவர்களையும் பற்றிப் பேசினர். ஏழைக் குடும்பமொன்று பிறர் வாய்மொழியாலன்றித் தன் குரலாலேயே திரையில் பேசியமை அன்று பெரும் புதுமை. ஆயின், படத்துக்குப் பணம் வழங்கியோர் எரிவாயு வணிகத்தினர். எனவே, துயரத்துக்கான தீர்வும் எரிவாயு அடுப்புப் பொருத்திய புதிய மாடிக் குடியிருப்பாகவே அமைந்தது.

இலங்கையின் நிலையும் இதனை ஒத்ததே. பசில் ரைட் 1934இல் உருவாக்கிய ‘இலங்கையின் பாடல்’ உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பொருளுதவி செய்தது தேயிலைப் பிரசார சபை. ஆனால், அத்தேயிலையைக் கொய்த மலையகத் தமிழரின் குடும்ப வாழ்வு அப்படத்தின் பொருளாகவில்லை. 1948இல் நிறுவப்பெற்ற அரசாங்கத் திரைப்படப் பிரிவு விவரணப்படக் கலைக்குப் பயிற்சிக்களமாயிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அங்கிருந்தபொழுது, மலேரியா ஒழிப்புப் பற்றி 1954இல் ஒரு படம் எடுத்தார். பின்னர் அப்பிரிவை விட்டு வெளியேறியே 1956இல் ‘ரேகாவ’வைப் படைத்தார். புரவலரின் பணம் படத்தைப் பிறப்பிக்கும். எங்கே பார்க்கலாகாது என்பதையும் அதுவே பெரும்பாலும் முடிவு செய்யும் என்பது இவற்றால் பெறப்படும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் குறும்படத்துக்கெனத் தனி விழாக்கள் தோன்றின. மேற்கு ஜேர்மனியின் ஒபர்ஹவுசன் என்னும் தொழில் நகரில் 1954இல் தொடங்கிய விழா, ‘அயலவருக்குச் செல்லும் வழி’ என்பதனைத் தன் விருதுவாக்காகக் கொண்டது. இருகூறாகப் பிளவுண்ட ஒரு நாட்டில் அவ்வாக்கு வெறும் அலங்காரமன்று. 1963இல் அவ்விழாவில் பரிசு பெற்றது, ஈரானியக் கவிஞர் பரூக் பரோக்சாத் எடுத்த ‘வீடு கரியது’ என்னும் 22 நிமிடப் படம். தப்ரீசு நகரை அண்டியிருந்த தொழுநோயாளர் குடியிருப்பே அதன் களம். குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டோர் தம்முள்ளே மணந்து, பிள்ளை பெற்று, பாடங்கற்று, வழிபட்டு வாழ்வதை அது காட்டிற்று. படப்பிடிப்பின் பின், அங்கு வாழ்ந்த பெற்றோரின் சிறுவன் ஒருவனைப் பரூக் தம் மகனாக ஏற்று வளர்த்தார். ஒதுக்கப்பட்டோர் பற்றிய ஒரு படம் அதை எடுத்தவரின் வீட்டு வாயிலையும் திறந்துவிட்டது.

இக்காலத்தில் சிறுவர் குறும்படத்தின் நடுப்பாத்திரமாயினர். 1956இல் கான் விழாவில் விருது பெற்ற லமோரிசின் ‘சிவப்புப் பலூன்’ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதில் நடித்த சிறுவன் அவருடைய மகனே. 1970இல் அப்பாஸ் கியரொஸ்தமி எடுத்த முதற்படத்தில், ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனை ஒரு சந்தில் நாயொன்று மறிக்கின்றது. கதை அவ்வளவே. நம் நோக்கத்துக்கு இவற்றினும் நெருக்கமானது, சத்தியஜித் ரே 1964இல் எடுத்த, உரையாடலே இல்லாத ‘இருவர்’. மாளிகையின் சாளரத்தருகே விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களோடு ஒரு சிறுவன். வெளியே குடிசையருகே புல்லாங்குழலோடு மற்றொருவன். ஏழைச் சிறுவன் விட்ட பட்டத்தைச் செல்வச் சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகின்றான். இறுதியில் குழலோசை மீண்டும் கேட்கின்றது. பெற்றோர் இருவீட்டிலும் தோன்றுவதில்லை. ஆயினும், அச்சிறுவரின் கையிலிருந்த பொருள்களிலும் நெஞ்சிலிருந்த பகையிலும் அவ்விரு குடும்பங்களையும் நாம் காண்கிறோம். பிள்ளைகள் தாமாகப் பகையைக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டிலிருந்தே பெறுகின்றனர் என்பதை ஒரு சொல்லுமின்றி ரே உணர்த்தினார்.

அண்மைக்கால அரபுக் குறும்படங்கள் இரண்டு இம்மரபை மேலும் முன்னெடுத்துள்ளன. மர்யம் ஜூபர் 2018இல் எடுத்த ‘சகோதரத்துவம்’ என்னும் படம் தூனிசிய இடையர் குடும்பமொன்றைப் பற்றியது. சிரியப் போருக்குச் சென்ற மூத்த மகன், முகத்திரையணிந்த இளம் மனைவியோடு திரும்பி வருகின்றான். தாய் வரவேற்கிறாள், தந்தை ஐயுறுகின்றார். ஐயத்தின் முடிவில் மகனைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவித்துவிடுகின்றார். உண்மை பின்னரே அவருக்குத் தெரியவருகின்றது. பரா நபுல்சி 2020இல் எடுத்த ‘பரிசு’ என்னும் படத்தில், பலத்தீனத் தந்தையொருவர் திருமண நாளுக்காக மனைவிக்குக் குளிர்சாதனப் பெட்டியொன்று வாங்கச் சிறுமகளோடு புறப்படுகின்றார். வீட்டுக்கும் கடைக்கும் இடையே ஒரு சோதனைச்சாவடி. மகளின் கண்முன்னே தந்தை அடையும் அவமானமே அப்படத்தின் உயிர். ஒன்றில், நாட்டின் அச்சம் தந்தையின் உள்ளத்தினூடாக வீட்டினுள் புகுகின்றது. மற்றொன்றில், வீட்டின் அன்பு படையினரின் துப்பாக்கிமுன் நின்று கடக்கவேண்டியதாகின்றது.

சோதனைச்சாவடியைக் கடந்து கடைக்குச் சென்று மீண்ட தந்தையரும், மகன் எங்கு போனான் என்று வாய்விட்டுக் கேட்க அஞ்சிய தாயரும் கிழக்கிலங்கைக்குப் புதியவரல்லர். இங்கிருந்தே நாம் ஏறாவூரை நோக்குதல் வேண்டும்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில், வாவிக்கரையோரமாக, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் ஏறாவூர். அதனை அடுத்துச் செங்கலடி, வந்தாறுமூலை முதலிய தமிழ் ஊர்கள் உள்ளன. இவ்வூர்களின் பெயர்களை விளக்கும் மரபுக்கதை ஒன்று இப்பகுதியில் நெடுங்காலம் வழங்கிவருகின்றது. முக்குவருக்கும் திமிலருக்கும் பகை மூண்டபோது, பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணைநின்றனராம். துரத்திச் சென்றோர் வந்து இளைப்பாறிய இடம் வந்தாறுமூலை ஆயிற்றாம். பகைவர் மீண்டும் ஏறிவராது காக்கப்பட்ட இடம் ஏறாவூர் ஆயிற்றாம். உதவிக்குக் கைம்மாறாக முக்குவப் பெண்கள் பட்டாணியருக்கு மணம்செய்து கொடுக்கப்பட்டனர் என்றும் அக்கதை கூறும்.

இதனை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ளவேண்டிய கட்டாயமில்லை. ஆனால், இரு சமூகங்களும் தம் உறவை எவ்வாறு நினைவிற் கொண்டன என்பதற்கு இது சான்றாகும். கதையின் தொடக்கத்திலேயே போரும் திருமணமும் பிரிக்கமுடியாதவாறு பின்னிக் கிடக்கின்றன. உறவு ஏற்பட்டது ஒரு மோதலின் விளைவாக. அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டோர் பெண்கள். அப்பெண்களின் விருப்பம் பற்றிக் கதை எதுவும் சொல்வதில்லை. இம்மௌனமும் நம் ஆராய்ச்சிக்குரியதே.

மரபுக்கதையை ஒதுக்கிவிட்டு நோக்கினும் உறவின் அடையாளம் மறைவதில்லை. கிழக்குக் கரையின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் ‘குடி’ அமைப்பு நிலவியது. ஒருவர் தம் தாயின் குடியையே சேர்வார். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிவாரியாக உரிமை பெறும் வழக்கம் இருந்தது. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். வீடு மகளுக்கே சீதனமாகும். முக்குவரின் உரிமைவழக்குகளைக் கிறித்தோபர் பிரிற்றோ 1876இல் நூலாக வெளியிட்டார். மானிடவியலாளரான நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலிலும், டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலிலும் இக்கரையின் குடும்ப அமைப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இசுலாமிய வாரிசுரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு வகுப்பது. ஆயினும், பெற்றோர் வாழுங்காலத்திலேயே வீடு மகள் பெயருக்குச் சென்றுவிடுவதால், மார்க்கச் சட்டமும் தாய்வழி மரபும் ஒரே கூரையின் கீழ் இணங்கி நடந்தன. மொழியும் தாய்வீட்டு முறையும் இரு சமூகத்துக்கும் பொது; வழிபாடு வேறு. இத்தகைய அயலுறவு உலகில் அரிதானது.

அத்தகைய அயலில்தான் 1985ஆம் ஆண்டின் தமிழ் - முஸ்லிம் கலவரமும் 1990ஆம் ஆண்டின் பேரழிவும் நிகழ்ந்தன. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலும் அயற்குடியிருப்புகளிலும் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். இவற்றுக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பெனப் பதிவுகள் கூறுகின்றன. அவ்வியக்கம் அதனை மறுத்தது. அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழருள் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். மரபுக்கதையில் இளைப்பாறிய இடமாகிய வந்தாறுமூலை, இளைப்பாற வந்தோரைக் காக்க இயலாத இடமாயிற்று. 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பு, ஆறத் தொடங்கிய ஐயத்தை மீண்டும் எழுப்பிற்று.

இவ்வரலாற்றைச் சொல்லும் ஆற்றல் எவ்வடிவத்துக்கு உண்டு? ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் எண்ணிக்கையையும் திகதியையும் காக்கின்றன, அவை இன்றியமையாதன. ஆனால், மகளுக்கெனக் கட்டிய வீட்டில் மகள் இல்லாதொழிந்தமையை எண்ணிக்கை உணர்த்தாது. தாய்வழிச் சமூகத்தில் பெண்ணின் இறப்பு ஓர் உயிரின் இழப்பாக மட்டும் அமையாது. குடியின் ஒரு கிளையும் ஒரு வீட்டின் எதிர்காலமும் அதனோடு அறுகின்றன. இதனை ஒரு முற்றத்தையும் ஒரு வாயிலையும் கொண்டு பத்து நிமிடத்தில் காட்டவல்லது குறும்படம்.

நம் நாட்டுத் தமிழ்த் திரைப்படத்துள் குடும்பத்தை இவ்வாறு ஆராய்ந்த முயற்சிக்கு முன்னுதாரணம் உண்டு. காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜ 1977இல் நெறிப்படுத்திய ‘பொன்மணி’, சீதனமும் சாதியும் யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் பெண்களை எவ்வாறு முடக்கின என்பதை மிகையின்றிக் காட்டிற்று. அதன் பெறுமதியை வணிகத் திரையரங்கு அன்று உணரவில்லை. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவும், புலம்பெயர் தமிழரிடையே நடந்துவந்த குறும்பட விழாக்களும், வணிக அரங்கைச் சாராது படங்காட்ட இயலும் என்பதை நிறுவியுள்ளன. விலைகுறைந்த கருவிகள் இளைஞர் கைக்கு எட்டியுள்ள இக்காலத்தில், பொருட்செலவைக் காரணங்காட்டி ஒதுங்கவும் இயலாது.

ஆயின், எச்சரிக்கை ஒன்று தேவை. புரவலர் பணத்தில் எரிவாயு அடுப்பே தீர்வானது போல, நல்லிணக்கம் வேண்டிப் பொருளுதவி செய்வோரின் படத்தில் கைகுலுக்கலே தீர்வாகிவிடும். தொப்பியணிந்த ஒருவரும் திருநீறணிந்த ஒருவரும் தழுவிக்கொள்ளும் இறுதிக்காட்சி எவரையும் புண்படுத்தாது. எதனையும் விளக்கவும் மாட்டாது. அதற்கு நேர்மாறாக, தம் சமூகத்தின் பிணங்களை மட்டும் எண்ணும் படமும் பாதி வரலாறே. ‘சகோதரத்துவம்’ படத்துத் தந்தையைப் போல, ஐயத்துக்கு இடங்கொடுத்த நம் வீட்டாரையும் அயலவரைக் காத்த நம் வீட்டாரையும் ஒருங்கே காட்டும் துணிவே வேண்டப்படுவது.

வாவிக்கரையின் இரு சமூகங்களும் ஒருவரையொருவர் உறவினர் என நினைவுகூர்ந்தவர்கள். உறவினரிடையே நிகழ்ந்த கொடுமை அந்நியரிடையே நிகழ்ந்ததினும் கடினமானது. மறப்பதற்கும் கடினம், பேசுவதற்கும் கடினம். அப்பேச்சு தொடங்கவேண்டிய இடம் மேடையன்று, தாய்வீட்டின் வாயிற்படியாகும். 1990ஐக் கண்ணாற் கண்ட தாய்மார் இன்று முதுமையடைந்துவிட்டனர். அவர்களுடைய சொற்களும் மௌனமும் பதிவுபெறாது மறையுமாயின், அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது பகையின் கதை மட்டுமே. ஏறாவூரிலும் வந்தாறுமூலையிலும் வாழும் இளைஞர் தத்தம் வீட்டு முதியோரிடமிருந்து இப்பணியை இன்றே தொடங்குதல் வேண்டும்.