எண்களை அடுக்கி வைப்பதா, கேட்கும்போது தருவதா?

1 முதல் 10 கோடி வரை எண்ண வேண்டும். அத்தனை எண்களையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டா எண்ணத் தொடங்குவீர்கள்? பைத்தான் 2 நிரல்மொழியில் இருந்த 'ரேஞ்ச்' அதைத்தான் செய்தது. முழுப் பட்டியலையும் நினைவகத்தில் அடுக்கிவிட்டுத்தான் மறுவேலை. எண்ணுக்கு 8 பைட் என்று குறைத்துப் போட்டாலும் 80 கோடி பைட்!

மாற்றுவழியும் அதிலேயே இருந்தது. 'எக்ஸ்ரேஞ்ச்' தொடக்கம், முடிவு, இடைவெளி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்க ஒவ்வோர் எண்ணாகத் தரும். கேட்கும்வரை கணக்கிடாத இந்த முறைக்குச் 'சோம்பேறிக் கணக்கீடு' என்று பெயர். யோசனை பழையது. 1976-லேயே ஹென்டர்சனும் மாரிஸும் ஒரு கட்டுரை, ஃபிரீட்மனும் வைஸும் இன்னொரு கட்டுரை எழுதிவிட்டார்கள்.

2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. எக்ஸ்ரேஞ்ச் என்ற பெயர் போய், ரேஞ்சே சோம்பேறியானது. நினைவகம் மிச்சம்தான். ஆனால் ரேஞ்ச் தருவது பட்டியல் என்று நம்பி, அதோடு வேறு பட்டியலைக் கூட்டிய பழைய நிரல்கள் பிழை காட்டி நின்றன. பெயர் அதே, பொருள் வேறு! பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-இல்தான் முடிந்தது.

அப்படியானால் முழுப் பட்டியல் வீணா? இல்லை. 'நம்பை' என்ற கணக்கீட்டுத் தொகுப்பின் 'ஏரேஞ்ச்' இன்றும் எல்லா எண்களையும் அடுக்கித்தான் தருகிறது. நடுவில் ஒரே ஓர் எண்ணை மாற்ற வேண்டுமானால் அது கையில் இருந்தாக வேண்டுமே!

கிடங்கு வாடகை கொடுத்துச் சரக்கை அடுக்குவதா, ஆர்டர் வந்தபின் செய்து தருவதா என்று வணிகவியலில் படிக்கிறோமே, அதே கேள்விதான் இதுவும். எண்ணிப் போக மட்டும் என்றால் சோம்பேறியே போதும். திருத்தப் போகிறோம் என்றால் வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.